சாதி பார்க்காதவர்களின் ஊர்

“இப்பெல்லாம் யாருங்க சாதி பாக்கறாங்க?”

சேலத்தில் பேருந்து ஏறி ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எங்கே இறங்கினாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கல்யாண மண்டபத்துப் பந்தியில் கேட்பார்கள். ரிக் வண்டி ஆபீசில் கேட்பார்கள். கோழிப்பண்ணைக்காரர் கேட்பார், பள்ளித் தாளாளர் கேட்பார், கட்சிக்காரர் கட்டாயம் கேட்பார். கேட்கிறவர் யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கேள்வி வேடத்தில் வருகிற தீர்ப்பு அது. காலனியில் குடியிருக்கும் ஒருவர் வாயிலிருந்து மட்டும் இந்தக் கேள்வி வந்து நான் கேட்டதில்லை.

இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. பண்ணையத்தில் ஆடு மேய்த்தவரின் பேரன் பி.இ. முடித்துப் பெங்களூரில் இருக்கிறான். இவை எல்லாம் நடந்திருக்கின்றன. ஆனால் இவற்றில் எதுவும் மேலே இருந்தவர்களின் மனசு இளகியதால் நடக்கவில்லை. சட்டம் வந்தது, போராட்டம் நடந்தது, சத்துணவும் பள்ளிக்கூடமும் வந்தன, வேலை தேடி வெளியூர் போக வழி பிறந்தது. விட்டுக்கொடுத்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள், கடைசிவரை பிடித்துவைத்திருந்தவர்கள்.

மாற்றத்தைக் காட்டி, “இன்னும் எதற்குச் சாதி என்று பேசுகிறீர்கள்?” என்று மடக்குகிறார்கள். அந்த மடக்கலுக்குள் நாலு வாதங்கள் இருக்கின்றன. எங்கேயாவது ஏதாவது நடந்தால் அது சில கெட்டவர்கள் செய்வது, நாங்கள் முன்னேறியது எங்கள் உழைப்பால், இன்றைக்குச் சலுகை எல்லாம் அவர்களுக்குத்தான், பி.சி.ஆர். கேஸைக் காட்டி மிரட்டுகிறார்கள். நாலையும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. சாதி என்பது மனசுக்குள் இருக்கும் வெறுப்பு என்று வைத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. வெறுப்பு என்றால், ஒருவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து “எனக்கில்லை” என்று சொல்லிவிடலாம். சாதியோ ஓர் ஏற்பாடு. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கிணறு யார் காட்டில் இருக்கிறது, வீடு ஊரின் எந்தப் பக்கம், கோயில் சாவி யார் மடியில், சுடுகாட்டுக்குப் பாதை யார் வயலைத் தாண்டிப் போகிறது, போலீஸ் ஸ்டேஷனில் யாருக்கு நாற்காலி கிடைக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது. இந்த ஏற்பாடு ஓட யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. அவரவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே ஓடும்.

பாகுபாடு இப்படியும் ஓடும் என்பதை வெள்ளைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. 1993 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. போலீஸ் விசாரணையைச் சொதப்பியது. 1999 பிப்ரவரியில் வெளிவந்த மேக்பர்சன் விசாரணை அறிக்கை, லண்டன் மாநகரக் காவல்துறை ஒரு நிறுவனமாகவே இனப்பாகுபாடு கொண்டது என்று எழுதியது. ஒவ்வொரு போலீஸ்காரரும் வெறியர் என்று அது சொல்லவில்லை. நிறத்தின் காரணமாக ஒரு பகுதி மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறும் வழக்கம், அந்த நிறுவனத்தின் நடைமுறையிலேயே ஊறிக் கிடக்கிறது என்றது. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆயிற்று.

இப்போது திருச்செங்கோட்டுக்கு வருவோம்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், 21 வயது, பொறியியல் படித்தவர், தலித். உடன் படித்த தோழியுடன் அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகம். ஒரு கும்பல் வந்து விசாரித்தது, சாதியைத் தெரிந்துகொண்டது, அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டுவதற்கான ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்தன.

“ஒரு சில கெட்டவங்க செஞ்சதுங்க” என்பவர்கள் அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் பதிவானது சந்தேக மரணம். போராட்டம் வெடித்த பிறகே அது கொலை வழக்கானது. முதன்மைக் குற்றவாளி யுவராஜ், தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை என்ற அமைப்பை நடத்தியவர். மூன்று மாதத்துக்கும் மேலாகப் போலீஸ் கையில் சிக்காமல் இருந்தார். அந்தக் காலத்தில் வாட்ஸப்பில் குரல் பதிவுகள் வெளியிட்டுக்கொண்டும் இருந்தார். அவற்றை ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள், பரப்பினார்கள், ரசித்தார்கள். அக்டோபரில் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் அவரே வந்து சரணடைந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டது. நாமக்கல்லில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். இங்கே நியாயம் கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாய் உயர் நீதிமன்றம் போனார். 2019இல் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச் 5 அன்று மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுதான் வழக்கைத் தாங்கிப் பிடித்தது. நீதிபதிகளே திருச்செங்கோடு மலைக்கு வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கழுத்தை அறுத்தது சில கெட்டவர்கள்தான். சாட்சிகளின் வாயை அடைத்தது யார்? கொலை வழக்கில் தேடப்பட்டவரை வீரனாக்கியது யார்? நடந்த மாவட்டத்தில் வைத்து ஒரு கொலை வழக்கை விசாரிக்க முடியாத நிலையை உண்டாக்கியது யார்? தேர்தல் கணக்குப் போட்டுப் பெரிய கட்சிகளின் உள்ளூர்த் தலைவர்களை வாய்மூடி இருக்கவைத்தது எது? இந்தக் கேள்விகளுக்குப் பத்துப் பேரின் பெயர் போதாது. மனிதச் சாட்சி தள்ளாடிய இடத்தில் இயந்திரச் சாட்சி நின்றது. கேமராவுக்கு ஊரில் உறவு இல்லை, பங்காளி இல்லை, நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓர் ஊரில் கேமரா மட்டுமே பயமில்லாமல் உண்மை சொல்ல முடியுமானால், அந்த ஊரில் சாதி பார்க்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வது?

சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு நிறுவனம் இங்கே இருக்கிறது. அதற்குப் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை. கோட்டாட்சியரோ தாசில்தாரோ நடுவில் உட்கார, இரு தரப்பும் எதிரெதிரே உட்காரும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேசை மேல் வைத்துப் பேசப்படுவது என்ன என்று பாருங்கள்.

2024 மே மாதம் ஓமலூர் பக்கம் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் திருவிழா. நாங்களும் உள்ளே போய்ச் சாமி கும்பிட வேண்டும் என்று தலித் மக்கள் கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, உடன்பாடு வரவில்லை. கல்வீச்சு, கடைகளுக்குத் தீ, போலீஸ் குவிப்பு என்று முடிந்தது. அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே, 2023 ஜனவரியில், சேலம் திருமலைகிரியில் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஊரார் முன்னால் நிறுத்திக் கெட்ட வார்த்தையில் திட்டினார் ஒருவர். அவர் அப்போதைய ஆளும் கட்சியின் ஒன்றியச் செயலாளர். சமூகநீதி பேசும் கட்சிதான். காணொளி பரவிய பிறகு கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது. காணொளி பரவாமல் இருந்திருந்தால்?

ஆலய நுழைவை அனுமதிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே வந்துவிட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்பின் 17ஆம் பிரிவு 1950 முதல் சொல்கிறது. உரிமை என்று எழுதிவைத்துவிட்ட ஒன்றைப் பற்றி 2024இல் என்ன பேச்சுவார்த்தை? ஒருவர் வீட்டுக்குள் புகுந்த திருடனையும் வீட்டுக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசும் தாசில்தாரை எங்காவது பார்த்திருக்கிறோமா? பேச்சுவார்த்தை என்று அழைத்த நொடியிலேயே, நுழைவது உன் உரிமை என்பது போய், அவர்கள் மனசு வைத்தால் கிடைப்பது என்று ஆகிவிடுகிறது. உடன்பாடு வராவிட்டால் கோயிலுக்குச் சீல். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் வைத்தது போல. அனுமதி மறுத்தவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் ஒரே பூட்டு. இதற்குப் பெயர் நடுநிலை!

இந்த மேசையின் பலத்தை ஆதிக்கச் சாதிக்குள்ளேயே பிறந்தவர்களும் பட்டு அறிந்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 12 அன்று ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் உட்காரவைத்ததும் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில்தான். நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலை 5இல். கோகுல்ராஜ் கடத்தப்பட்டது இதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டில், அந்தக் கையெழுத்து வாங்கிய ஆறாம் மாதத்தில். எண்ணிக்கையும் பலமும் உள்ளவர்கள் கோபப்பட்டால் அரசு இறங்கி வரும் என்ற பாடத்தை அந்த மேசைதான் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது.

அடுத்த வாதம் உழைப்பு. இதைச் சொல்லும்போது குரலில் ஒரு நெகிழ்ச்சி வந்துவிடும். “எங்க அப்பாரு கோவணத்தோட காட்டுல கெடந்தாருங்க. யாரும் எங்களுக்குக் குடுக்கல.” அந்த அப்பாரு பாடுபட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரட்டு நிலத்தில் கிணறு வெட்டி, கவலை ஓட்டி, நிலக்கடலையும் மரவள்ளியும் விளைவித்த மண் இது. லாரி, ரிக், விசைத்தறி, முட்டை, ஜவ்வரிசி என்று எந்தத் தொழிலிலும் இந்தச் சனங்களின் கடும் பாடு தெரியும்.

ஆனால் அந்தக் காட்டில் பாடுபட்டவர் அப்பாரு ஒருவர்தானா? கவலைக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தது யார்? கிணற்றுக்குள் இறங்கிப் பாறை உடைத்தது யார்? விடியும் முன்பு கட்டுத்தரை கூட்டி, பகலெல்லாம் காட்டில் நின்று, களத்துமேட்டில் அளந்து போட்ட தானியத்தை வாங்கிக்கொண்டு போன பண்ணையாள் உழைக்கவில்லையா? அவர் பெரும்பாலும் அருந்ததியர். அவர் மகனும் அதே பண்ணையத்தில் ஆடு மேய்த்தான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலின் உலகம் அதுதான். உழைத்தால் முன்னேறலாம் என்பது உண்மையானால் இந்த மாவட்டங்களின் பெரும் பணக்காரர்கள் அருந்ததியர்களாக இருந்திருக்க வேண்டும். உழைப்பு இரு பக்கமும் இருந்தது. பட்டா ஒரு பக்கம்தான் இருந்தது.

பட்டா இருந்த பக்கம் என்னென்ன போய்ச் சேர்ந்தன என்று கணக்குப் பார்ப்போம். 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு முழு இலவச மின்சாரம். அதைப் பெற விவசாயிகள் பல ஆண்டுகள் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கிணறு இல்லாதவனுக்கு அந்த மின்சாரத்தால் என்ன வந்தது? கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் தள்ளுபடி 2006இல் நடந்தது. 2021 பிப்ரவரியில் எடப்பாடிக்காரர் முதலமைச்சராக இருந்தபோது மறுபடியும் நடந்தது. அப்போது 16.43 லட்சம் விவசாயிகளுக்கு 12,110 கோடி ரூபாய். பயிர்க்கடன் வாங்க நிலம் வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அதை அடைக்க முடியாமல் தறியடியிலேயே காலம் தள்ளும் குடும்பத்தின் கடனை எந்த அரசு தள்ளுபடி செய்தது? 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மக்கள்தொகையில் 16.6 சதவீதம். அன்றைய சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இலவச மின்சாரத்தை யாரும் சலுகை என்று ஏசுவதில்லை. கடன் தள்ளுபடியால் தகுதி கெட்டுவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை. நமக்கு வந்தது உரிமை, அவனுக்குப் போனது சலுகை. தனக்குக் கிடைத்தது கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் ஆதிக்கம் தரும் பெரிய வசதி.

“எங்க சாதியிலயும் ஏழைங்க இருக்காங்களே?” இருக்கிறார்கள். ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு அல்லாடும் கவுண்டர் இருக்கிறார். மேச்சேரிப் பக்கம் கூலிக்குப் போகும் வன்னியர் இருக்கிறார். அவர்களுடைய வறுமை நிஜம், அதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வறுமையோடு தீட்டு சேரவில்லை. அவர் கோயிலுக்குள் போனால் பேச்சுவார்த்தை கூட்ட மாட்டார்கள். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பானையில் தண்ணீர் மொண்டாள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் பொதுப் பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமிக்கு ஒரு கண் போனது. பழங்கதை என்று ஒதுக்க முடியாது. அந்தத் தலைமுறை இன்று நம்மோடு ஓட்டுப் போடுகிறது.

மூன்றாவது, சலுகையும் தகுதியும். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20. கூட்டினால் 50. பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. கொங்கு வேளாளர் 1975 முதல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வன்னியர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. நான் அதை ஆதரிக்கிறேன். கேட்பது ஒன்றுதான்: 50ஐ வைத்துக்கொண்டு 19ஐப் பார்த்து “எல்லாம் அவங்களுக்குத்தான்” என்று பெருமூச்சு விடுவது என்ன கணக்கு? அந்த 18க்குள்ளும் கடைசியில் நின்ற அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009இல்தான் வந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்ல 2024 ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தகுதியைப் பற்றி நாமக்கல்லில் பேசுவதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. மாநிலம் முழுவதும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைத்து மதிப்பெண் வாங்கிய முறை இந்த வட்டாரத்தில் செழித்தது. அந்த வழக்கத்தை உடைக்கத்தான் 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது அரசு. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி வாங்கிய அந்த மதிப்பெண்ணுக்குப் பெயர் தகுதி. காலனியிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போய், சாயங்காலம் ஆடு பிடித்துக் கட்டிவிட்டு, அதில் பத்து மார்க் குறைவாக வாங்குகிறவனுக்குப் பெயர் கோட்டா.

அரசு வேலையை விடுங்கள், தனியாரில் தகுதிதானே பேசுகிறது என்பார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். அமெரிக்காவில் 2004இல் வெளியான இதே மாதிரி ஆய்வில் வெள்ளையர் பெயருக்குக் கறுப்பினப் பெயரைவிட ஐம்பது சதவீதம் கூடுதல் அழைப்பு. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம், சரி. பெயரில் இல்லாததை வேறு வழியில் விசாரித்துக்கொள்கிறோம். “எந்த ஊருங்க? ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா? யாரு வீட்டுப் பையன்? குலதெய்வம் எங்க இருக்குது? என்ன கூட்டம்?” அஞ்சு கேள்வி போதும். வாடகை வீடு கிடைக்குமா, கிடைக்காதா என்று தெரிந்துவிடும். இத்தனை கேட்டு முடித்தவர்தான் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “நாங்கெல்லாம் சாதி பாக்கறதில்லீங்க” என்பார்.

நேராகக் கேட்டாலே சிலர் மறைப்பதில்லை. 2011–12இல் நாடு தழுவி நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் தீண்டாமை பார்ப்பதாக ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். சாதி மாறிய திருமணங்கள் ஐந்து சதவீத அளவில்தான். யாரும் பார்க்காத ஒன்று இத்தனை துல்லியமாகக் கல்யாணத்தில் எப்படித் தப்பாமல் பொருந்துகிறது?

நாலாவது, பி.சி.ஆர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989இல். பேர் மட்டும் பழைய சட்டத்தின் பேரிலேயே இங்கே புழங்குகிறது. பொய் வழக்குப் போடுகிறார்கள், ஆகையால் சட்டத்தை நீக்கு, திருத்து என்று இந்த வட்டாரத்தில் மாநாடே போட்டிருக்கிறார்கள். பொய் வழக்கு எந்தச் சட்டத்தில் இல்லை? செக் மோசடி வழக்கில் இல்லையா, நில அபகரிப்பு வழக்கில் இல்லையா? அவற்றை நீக்கச் சொல்லி எந்த மாநாடும் நடக்கவில்லை. விடுதலை ஆவதாலேயே வழக்கு பொய் ஆகிவிடாது. கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். கேமரா இல்லாமல் போயிருந்தால் அதுவும் இன்று “பொய் வழக்கு” என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் செய்து பழையபடி ஆக்கியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு சமூகத்தையே முன்கூட்டிச் சந்தேகிப்பது சரியல்ல என்ற இடத்துக்குத்தான் அது வந்து சேர்ந்தது.

கடைசியாக ஒரு தந்திரம் உண்டு. “இனவெறி, உரிமைனு பேசறதெல்லாம் வெள்ளக்காரன் சரக்கு, நம்ம ஊருக்குப் பொருந்தாது.” 1965இல் ஐ.நா. ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில், இனம், நிறம் இவற்றோடு பிறப்புவழி என்பதையும் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். அதே இந்தியா 2001இல் டர்பன் மாநாட்டில், சாதியை அந்த அரங்கில் பேசவே கூடாது என்று முட்டுக்கட்டை போட்டது. 2002இல் ஐ.நா.வின் குழு, பிறப்புவழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. அம்பேத்கர் 1946லேயே அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதியவர். ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிகிறது. இது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்கள், சட்டைக்குள் உள்ளூர்ச் சரக்கை ஒளிக்கிறவர்கள்.

“இது பெரியார் மண்” என்பதும் இதே தந்திரத்தின் உறவுக்காரன். நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944 ஆகஸ்டில், இதே சேலத்தில்தான். அந்தப் பெருமை நமக்கு ஒரு கடனை விட்டுச் சென்றிருக்கிறது. அதை ரசீது போலக் காட்டிக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. தீவட்டிப்பட்டிக்கும் அந்த மாநாடு நடந்த இடத்துக்கும் தூரம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

எனவே கேள்வியை மாற்றுங்கள். என் மனசில் சாதி இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை; எல்லோருக்கும் நல்ல பதில்தான் கிடைக்கும். என் ஊர்க் கோயிலின் நிர்வாகத்தில் காலனிக்காரர் ஒருவராவது இருக்கிறாரா? ஊருக்குச் சுடுகாடு எத்தனை? என் தொழிலில் மேற்பார்வையாளர் யார், கழிவறை கழுவுகிறவர் யார்? என் வீட்டை யாருக்கு வாடகைக்கு விட மறுத்தேன்? என் மகள் விரும்பியவனைக் கூட்டிவந்தால் முதலில் என்ன கேட்பேன்? இவற்றுக்கு மனசு பதில் சொல்லத் தேவையில்லை, ஊரே சொல்லிவிடும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் அது எப்போது கூடியது, என்ன முடிவு எடுத்தது என்று பொதுவில் சொல்லட்டும். ஆணவக் கொலையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழிகாட்டுதல் தந்தது. தனிச் சட்டத்துக்குப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில்தான் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சட்டம் வர வேண்டும். கோயில் நுழைவுக்கு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவதை ஆட்சியர்கள் நிறுத்த வேண்டும். உள்ளே போகிறவருக்குப் பாதுகாப்பு, தடுக்கிறவர் மீது வழக்கு. சட்டம் சொல்வது அவ்வளவுதான்.

சாதி பார்ப்பதில்லை என்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பாருங்கள். பார்க்காமல் இருப்பது உங்களால் முடிகிறது என்பதே அது உங்களுக்குச் செய்து கொடுத்திருக்கும் வசதி. காலனியில் இருப்பவருக்கு அந்த வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை.